‘கப்பல் கிளம்புது’ என்று சொல்லாத பெண்கள்

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில். தோட்டங்களில் வேலை போனவர்கள் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். மூட்டை பிரிக்கும் நாளில் மேலே வகுப்பு முழுவதும் தும்மும். ஒரு சபையார் நடத்திய பெண்கள் பள்ளி அது. சின்ன வகுப்புகளில் இடமிருக்காது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் படிக்கும் என் வகுப்பிலோ பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். பெண் பெரியவளானதும் வீட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தைப்பிங்கில் ரயில்வே குமாஸ்தாவின் மகளாகப் பிறந்து, பினாங்கில் துறைமுக அலுவலக எழுத்தர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். என் கணவர் தடுக்கவில்லை.

அந்தப் பெண்களுக்கு மனப்பாடம் அபாரமாக வரும். பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பசு நமக்குப் பால் தரும் என்று தொடங்கி ஒரே மாதிரி எழுதித் தருவார்கள். ஒரு நாள் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. “நான் பசு வளர்க்க மாட்டேன் என்கிறேன். வளர்க்கும்படி என்னைச் சம்மதிக்க வையுங்கள், பார்ப்போம்” என்றேன். எல்லாரும் என்னை விழித்துப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, “பசு நமக்குப் பால் தரும், டீச்சர்” என்றாள்.

“எனக்குப் பால் பிடிக்காது.”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதே வாரத்தில் ஒரு பெண் பச்சை நிற எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். நெட்டையான பெண், அதிகம் பேசாதவள். அவள் அப்பா தொங்காங்கில், அதாவது கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவரும் பெரிய படகில், வேலை செய்தவர். பாசாருக்குப் போன அம்மா மீன் வாங்காமல் இந்த எண்ணெயை வாங்கி வந்துவிட்டாள் என்றும், இது நிஜமாகவே முடி வளர்க்குமா என்று டீச்சரிடம் கேட்டு வரச் சொன்னாள் என்றும் சொன்னாள்.

“விற்றவன் என்ன சொன்னான்?”

“நானும் அம்மாகூடப் போயிருந்தேன் டீச்சர். சொல்லட்டா?”

சொல்லு என்றேன். அவ்வளவுதான். வாய் திறவாத அந்தப் பெண் புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, “தாய்மாரே, அக்காமாரே, உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, விவரம் தெரிஞ்ச குடும்பம்!” என்று ஆரம்பித்தாள். கைவீச்சும் இருமலும்கூட எண்ணெய்க்காரனுடையவை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முடித்ததும் எனக்கே ஒரு புட்டி வாங்கலாம் போலிருந்தது. அதை அவர்களிடம் சொன்னேன். “எந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது? கண்டுபிடியுங்கள்” என்றேன்.

அன்று எழுந்த கூச்சலில் கீழே மிளகாய்க்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலில் புகழ்கிறான். பிறகு, வழுக்கை விழுந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறான். ஊரெல்லாம் வாங்கிவிட்டது, நீதான் பாக்கி என்கிறான். வெள்ளைக்கார டாக்டரே மெச்சினார் என்கிறான். கடைசியில், இன்றோடு சரி, நாளை கிடைக்காது என்கிறான். நான் கரும்பலகையில் எழுத எழுத, பெண்கள் ஒவ்வொன்றுக்கும் தாங்களே பெயர் வைத்தார்கள். புகழ்ச்சிக்குப் பெயர் சக்கரைத் தண்ணி. பயமுறுத்தினால் பூச்சாண்டி. டாக்டர் சங்கதி, ‘துரையே சொல்லிட்டாரு’. அவசரப்படுத்துவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கப்பல் கிளம்புது’. துறைமுகத்துப் பிள்ளைகள் அல்லவா. அலங்காரங்களின் பெயர்களை நான் படித்த காலத்தில் உருப்போட்டிருக்கிறேன். ஒன்றும் இப்படி மனத்தில் தைத்ததில்லை.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது, பெண்களில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க என்னோடு வந்தார்கள். அம்மாக்கள் பின்னால் தண்ணீர்ப் பந்தலில் நின்றார்கள். சாலையோர மரத்தடியில் ஒருவர் பல்வலி மருந்து விற்றுக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காரர் அல்ல, வேறொருவர். ஆனால் பேச்சு அதேதான். அவர் புகழ்ந்ததும் என் பக்கத்தில் “சக்கரைத் தண்ணி” என்று ஒரு முணுமுணுப்பு. புழு தின்ற பல்லை எடுத்துக் காட்டியதும் “பூச்சாண்டி” என்று இன்னொன்று. சிரிப்பை அடக்க முடியாமல் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மருந்துக்காரர் கவனித்துவிட்டார். கோபப்படவில்லை.

“என்னம்மா சிரிப்பு? நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமோ?”

எங்களில் குள்ளமான, துடுக்கான ஒரு பெண் இருந்தாள். சூலியா தெரு முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் சட்டென்று, “கப்பல் கிளம்புதுன்னு சொல்லப் போறீங்க” என்றாள்.

அவர் திகைத்துப் போனார். “ஆமா, நாளைக்கு நான் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுறேன். உனக்கு யாரும்மா சொன்னது?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் கூட்டம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மாக்கள் ஓடி வந்தார்கள். வீடு திரும்பும்வரை அந்தப் பெண்களால் நேராக நடக்க முடியவில்லை.

மறுவாரம் வகுப்பில் அந்தக் குள்ளப் பெண்ணே ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாள். “டீச்சர், இதெல்லாம் ஏமாத்து வேலைன்னா, எங்க அம்மாவும் ஏமாத்துறாங்களா? தம்பிக்குச் சோறு ஊட்டும்போது, ‘தெருவுல எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டாச்சு, நீ மட்டும்தான் பாக்கி’ன்னுதான் சொல்றாங்க.”

நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று. அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். அம்மா செய்வது பிள்ளையின் நன்மைக்காக என்றாள் ஒருத்தி. எண்ணெய்க்காரனும் அப்படித்தான் சொல்கிறான் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நெட்டைப் பெண் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா நாளைக்கும் அவன் முகத்தைப் பாக்கணும்லா. எண்ணெய்க்காரன் பாக்க வேண்டாம்.”

அதையே நாங்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். பேசி ஒருவரைச் சம்மதிக்க வைக்கலாம். ஆனால் நாளைக்கு அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் அவர் முகத்தைப் பார்க்க முடிய வேண்டும். எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுத்துச் சொன்னதல்ல இது.

அந்த வருஷக் கடைசியில் சபைச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், தங்கச் சங்கிலி போட்ட பைக்கடியாரத்தை அடிக்கடி பார்க்கும் வழக்கமுள்ளவர். நன்கொடை குறைந்துவிட்டது, காலி பெஞ்சுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குப் பத்துப் பெண்களாவது சேராவிட்டால் பெரிய வகுப்பை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அதில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டோடு நின்றுவிட்டிருந்தார்கள்.

நானே வீடு வீடாகப் போய்ப் பேசுவது என்று தீர்மானித்தேன். நெட்டைப் பெண்ணையும் குள்ளப் பெண்ணையும் வழிகாட்டக் கூட்டிக்கொண்டு முதலில் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். அங்கே மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பம். அவர்கள் பெண் முந்தின வருஷம் என்னிடம் படித்தவள். கல்வியே கண், பெண் கற்றால் குடும்பமே கற்றதாகும் என்று நான் நிறுத்தாமல் பேசினேன். அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார். காப்பி கொடுத்தார். “ரொம்ப நல்லாச் சொன்னீங்க டீச்சர்” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். பெண்ணை அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் வழியில் இரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக வந்தார்கள்.

“என்ன? சொல்லுங்கள்.”

“கோவிச்சுக்க மாட்டீங்களே டீச்சர்?” என்றாள் குள்ளப் பெண். “நீங்க அவங்ககிட்டப் பேசல. அவங்களை முன்னால உக்கார வச்சு மேடையில பேசினீங்க.”

“அந்தக்காவுக்குக் கால் வீங்கியிருந்துச்சு” என்றாள் நெட்டைப் பெண். “பால் கறக்க உக்கார முடியாது. அதான் மக வீட்டுல இருக்கா. நீங்க அதைக் கேக்கவே இல்ல.”

கோபம் வரவில்லை. என் பிள்ளைகள் என் பேச்சையே பிரித்துப் பார்க்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு குதூகலம் வந்தது. “சரி, இனி நீங்கள் பேசுங்கள். நான் கூட வருகிறேன்” என்றேன்.

அடுத்த சில நாட்கள் வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை. நின்றுபோன ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் என்ன தடை என்று முதலில் விசாரித்து வந்தார்கள். பிறகு ஒருத்தி அம்மாவாக உட்காருவாள், மற்றவர்கள் பேசுவார்கள். அம்மாவாக உட்காருபவள் லேசில் இறங்கி வரமாட்டாள். எந்த அம்மா எதற்கு எப்படி மூக்கைச் சுளிப்பாள் என்று அவர்களுக்கு அத்துபடி. பள்ளிக்கு அனுப்பாதவர்களுக்குத் துரை அபராதம் போடப்போகிறார் என்று சொல்லலாமா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். “நாளைக்கு முகத்தைப் பாக்கணும்” என்று நாலு குரல் ஒன்றாகக் கேட்டது. அவளும் சிரித்துவிட்டாள்.

நானும் ஒரு யோசனை சொன்னேன். எழுத்துத் தெரியாத ஒரு பெண், யாரோ நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்து, தாய்வீட்டு நகையையெல்லாம் இழந்த கதையைச் சொல்லுங்கள் என்றேன். உருக்கமாகவே சொல்லிக் காட்டினேன். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

நெட்டைப் பெண் மட்டும் கேட்டாள்: “அது யாரு டீச்சர்? எந்த ஊரு? நடந்ததா?”

“நடந்திருக்கும்” என்றேன்.

“அப்ப வேணாம் டீச்சர்.”

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அன்று மாலை என் கணவரிடம் இதைச் சொன்னபோது என் குரலில் இருந்தது பெருமைதான். என்னிடமே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அவர் பல நாள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்.

எங்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் லயனில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பிலேயே அழகாக எழுதக்கூடியவள். அவளுக்குக் கீழே சின்ன வகுப்பில் படிக்கும் ஒரு தங்கையும், சின்னஞ்சிறுசுகள் மூன்றும். அம்மா கடைகளுக்குச் சாக்கு தைத்துக் கொடுப்பவர். நாங்கள் போனபோது வாசலில் சாக்குக் குவியலின் நடுவே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லத்தானே வந்திருக்கீங்க? முடியாது டீச்சர். ரொம்ப சூசா. நீங்களே பாருங்க” என்று சிரமத்தைக் கையாலேயே காட்டினார்.

நெட்டைப் பெண் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு சாக்கை எடுத்து மடித்து வைத்தாள். “ஆமா அத்தை. அவ வந்துட்டா உங்களுக்குக் கஷ்டம்தான். இல்லைன்னு சொல்ல வரல” என்றாள்.

அந்த அம்மாள் ஊசியை நிறுத்தினார். அப்படி ஒரு தொடக்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

“எந்த நேரம் அத்தை ரொம்பக் கஷ்டம்?”

“காலையிலதான். தண்ணிக் குழாயில வரிசை. இதுகளுக்குக் கஞ்சி. அப்புறம் சாக்கு எடுத்துட்டுப் போறவன் வந்துருவான். அவ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“மத்தியானம்?”

“மத்தியானம் இதுக தூங்கும். கொஞ்சம் மூச்சு விடலாம்.”

நெட்டைப் பெண் என் பக்கம் திரும்பினாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “டீச்சர், பெரிய வகுப்பை மத்தியானத்துல வச்சா என்ன? காலையில எல்லா வீட்டுலயும் இதே பாடுதான். எங்க வீட்டுலயும்தான். நீங்க காலையில சின்னப் பிள்ளைங்களுக்கு உதவி செய்யலாம். மத்தியானம் மாடியும் காலியா இருக்கும், சத்தம் இருக்காது.”

அந்த அம்மாளைச் சம்மதிக்க வைக்கப் போன இடத்தில் அவள் என்னைச் சம்மதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னென்ன சௌகரியம் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. “செயலாளரிடம் கேட்கிறேன்” என்றேன்.

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். “என்னைக் கேக்க வந்துட்டு டீச்சரையே மாத்திப்புட்டியே, பொல்லாதவ.” உடனே முகம் மாறியது. “அவ பெரியவளாயிட்டால்லா. ரோட்டுல எப்படித் தனியா நடப்பா?”

“தனியா வேணாம் மாமி” என்றாள் குள்ளப் பெண். “நாங்க ரெண்டு பேரும் இந்த வழியாத்தான் வருவோம். வாசல்ல வந்து கூட்டிட்டுப் போயி, வாசல்ல கொண்டாந்து விடுறோம்.”

“நீங்க இன்னைக்கே சொல்லணும்னு இல்ல அத்தை” என்றாள் நெட்டைப் பெண், எழுந்துகொண்டே. “மாமாகிட்டயும் பேசுங்க. ஒத்து வராதுன்னாலும் சரிதான். நாங்க சும்மா வந்து பாத்துட்டுப் போவோம்.”

கைக்கு எட்டிய இடத்தில் வந்து நிற்கும்போது, இதோ கடைசி வாய்ப்பு என்று ஒரு தள்ளுத் தள்ள யாருக்கும் ஆசை வரும். என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் செய்யவில்லை. லயனைத் தாண்டி வந்ததும், “ஏன் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக்கூடாது?” என்று கேட்டேன்.

“அவங்க சரின்னு சொல்லியிருப்பாங்க டீச்சர்” என்றாள். “ஆனா ராத்திரி மாமா கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சிருப்பாங்க.”

எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். சூலியா தெருவுக்குப் பின்சந்தில் ஒரு மரைக்காயர் வீடு. குள்ளப் பெண்ணுக்கு உறவு. அங்கே அவள் தன் சாமர்த்தியமெல்லாம் காட்டினாள். அந்த வீட்டம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நல்லாத்தான் பேசுறே புள்ள. ஆனா மாப்பிள்ளை வூட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு” என்றார். குள்ளப் பெண்ணின் முகம் வாடியது. ஆனால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. “சரி மாமி” என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டாள். பிறகு உள்ளே போய் அந்தப் பெண்ணோடு கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். தோற்ற இடத்திலிருந்து அப்படி எழுந்து வருவதை நான் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

மத்தியான வகுப்புக்கு அனுமதி கேட்டதும் செயலாளர் நேரே வந்துவிட்டார். பெண்கள் இருக்கும்போதே, “ஊரே பேசுகிறது அம்மா, பெரிய பெண்களை மத்தியான வெயிலில் தெருவில் நடத்திக்கொண்டு போவதா என்று” என்றார்.

குள்ளப் பெண் எழுந்து நின்றாள். கைகட்டி, மிகப் பணிவாகக் கேட்டாள்: “ஊர்ல யாருங்க ஐயா? வீடு தெரிஞ்சாச் சொல்லுங்க. நாங்க போயி அவங்களுக்கு என்ன கவலைன்னு கேட்டுட்டு வர்றோம்.”

செயலாளர் வாயைத் திறந்தார். யோசித்தார். கடியாரத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இப்போதைக்கு… என் வீட்டில்தான் அம்மா. என் சம்சாரம்.”

“அக்காவைப் பாக்க நாளைக்கு வரலாமுங்களா?”

போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சமயம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டு நான் பள்ளிக்கு வந்தபோது செயலாளரின் மனைவியும் மத்தியான வகுப்புக்கு ஆதரவு. ‘வெயிலுக்கு’ என்று அவர் கொடுத்தனுப்பிய குடைகள் மாடிப்படி மூலையில் சாத்தியிருந்தன.

புது வருஷத்தில் வகுப்பு மத்தியானத்தில் தொடங்கியது. செயலாளர் கேட்ட எண்ணிக்கைக்கு மேலேயே பெண்கள் வந்தார்கள். ஆயர் ஈத்தாம் பால்காரர் வீட்டுப் பெண்ணும் காலைப் பாலைக் கறந்து கொடுத்துவிட்டு வந்தாள். சாக்கு தைப்பவர் வீட்டுப் பெண் முதல் நாள் இடுப்பில் ஒரு தம்பியோடு வந்து வாசலில் தயங்கினாள். அவன் அன்று தூங்க மறுத்துவிட்டானாம். உள்ளே வரச் சொன்னேன். அவனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் எழுதிய கட்டுரை அந்த வாரத்தின் மிகச் சிறந்த கட்டுரை.

நான் அந்தப் பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்தேன். பரீட்சையில் நிறைய வாங்கியவர்களும், பின்னாளில் தாங்களே ஆசிரியைகளானவர்களும் என் வகுப்பிலிருந்து வந்திருக்கிறார்கள். இருந்தும், எந்த வருஷம் உனக்குப் பெருமையான வருஷம் என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை, அந்த வருஷம்தான் என்பேன்.

மத்தியான வகுப்பு தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, சாக்கு தைக்கும் அந்த அம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ஏதோ வம்பு என்று பயந்துபோனேன்.

“என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா சரிம்மான்னு போவா. இப்ப ஏன், எதுக்கு, யாரு சொன்னான்னு கேக்குறா. அவங்கப்பாவையும் விடுறதில்ல. சீட்டு நடத்துறவன் ஒருத்தன் வீட்டுக்கு வந்து தேனாப் பேசினான். அவன் போனதும், ‘எது எதெல்லாம் சக்கரைத் தண்ணி’ன்னு எங்களுக்கு வகுப்பு எடுக்குறா!”

“சீட்டில் சேர்ந்தீர்களா?”

“சேரல. அது வேற விசயம்.”

“அப்படியானால், அவளை நிறுத்திவிடப் போகிறீர்களா?”

“அய்யோ, நான் அப்படியா சொன்னேன்?” என்று அவர் பதறிப்போய் பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். “அவளுக்கு அடுத்தது ஒண்ணு இருக்கா டீச்சர். இப்ப கீழ் வகுப்புல படிக்கிறா. அவளையும் உங்ககிட்டயே சேத்துக்கணும். அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”